தகயாமாவில் ஏற்றிய சூடம்

எங்கள் கம்பெனியில் ஜப்பான் போகிறவர்களுக்கு ஒரு தாள் கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும், மாத்திரைச் சீட்டை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று வரிசையாகப் போகும். அதில் பதினோராவது வரி, "சூடம், ஊதுபத்தி, தீப்பெட்டி கண்டிப்பாகக் கூடாது" என்பது. போன மாதம், இப்போது வேலையில் இருக்கும் டூர் மேனேஜர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு பெண் கேட்டிருந்தாள். விமானக் கம்பெனியே இதையெல்லாம் தடுத்துவிடுகிறதே, நாம் வேறு எதற்குத் தனியாக ஒரு வரி, எடுத்துவிடலாமா என்று. நான் வேலையிலிருந்து நின்று மூன்று வருஷமாகியும் குழுவிலிருந்து என்னை நீக்காமல் வைத்திருக்கிறார்கள். எடுக்க வேண்டாம் என்று மட்டும் பதில் போட்டேன். உடனே ஏன் மேடம், ஏன் மேடம் என்று எட்டுப் பேர். கட்டைவிரலால் தட்டித் தீர்க்கிற கதை இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கொடைக்கானல்காரி. பெயர் ஸ்டெல்லா. மிஷன் பள்ளியில் படித்ததால் இங்கிலீஷ் தட்டுத்தடங்கல் இல்லாமல் வரும். அந்த ஒரு தகுதியோடு ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் சேர்ந்தேன். பிறகு வேனில் ஏறி, தூண் பாறையையும் பைன் காட்டையும் பல வருஷம் சுற்றிக் காட்டினேன். மூடுபனியில் பாறை சுத்தமாகத் தெரியாத நாளிலும், இதோ இங்கேதான் ஒன்று, அதோ அங்கே இரண்டு என்று வெறும் வெள்ளையைக் காட்டிக் கூட்டத்தைச் சந்தோஷமாக அனுப்பி வைத்திருக்கிறேன். அப்படியொரு நாள் வேனில் வந்தவர்தான் சந்தானம் சார். மதுரையில் வெளிநாட்டுச் சுற்றுலாக் கம்பெனி நடத்தியவர். இறங்கும்போது, "தெரியாத பாறையவே இவ்வளவு நல்லாக் காட்டுறீங்களே, தெரியிற ஊரைக் காட்ட வர்றீங்களா?" என்று கேட்டார். சிங்கப்பூர், இலங்கை என்று ஆரம்பித்து, கடைசிப் பத்து வருஷம் ஜப்பான்தான் என் கணக்கில் வந்தது.

சந்தானம் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயணிகளோடு போனில் பேசும்போது உட்கார மாட்டார். எதிர்முனையில் இருப்பவருக்கு அது தெரியப்போவதில்லை, ஆனாலும் எழுந்து நின்றுதான் பேசுவார். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும். காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டிய அளவு இறங்கினால் தொலைந்தோம் என்று அர்த்தம். பயணத்துக்கு முன்னால் ஒவ்வொருவரையும் நாமே போனில் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்பது அவர் சட்டம். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எதைச் சாப்பிட மாட்டீர்கள், வீட்டில் யாரை விட்டுவிட்டு வருகிறீர்கள். முதல் இரண்டும் யாரும் கேட்பதுதான். மூன்றாவது அவருடையது. "கால் நம்ம பஸ்ல இருக்கும், மனசு எங்க இருக்கும்னு தெரிஞ்சாத்தான் கூட்டிட்டுப் போக முடியும்" என்பார்.

ஊர் திரும்பியதும் ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதித் தர வேண்டும். அதன் முதல் வரி நம்முடைய சொந்தத் தப்பாக இருக்க வேண்டும். டிரைவர் தப்பு, ஹோட்டல்காரர் தப்பு எல்லாம் இரண்டாவது வரியிலிருந்து. தப்பே செய்யவில்லை சார் என்று ஒருமுறை அசட்டுத்தனமாகச் சொன்னேன். அப்படியானால் நீங்கள் கவனிக்கவில்லை, அதையே முதல் வரியாக எழுதுங்கள் என்றார்.

அந்தப் பயணத்தில் இருபத்திரண்டு பேர். பாதிக்கு மேல் பழனி, திண்டுக்கல் பக்கம். அதில் பொன்னுத்தாயம்மா பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர். வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு தனியாகக் கடையைப் பார்த்துக்கொண்டவர். பழம் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் கறுத்த கை. தம்பி மகன்கள் சேர்ந்து அத்தைக்கு டிக்கெட் போட்டிருந்தார்கள். கடைசி நேரத்தில் சேர்ந்த பெயர் என்பதால் அவரைக் கூப்பிடாமல் தம்பி மகனிடமே விவரம் கேட்டுக்கொண்டேன். சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, முட்டை ஆகாது. மூன்றாவது கேள்விக்கு வாயைத் திறக்கும்போது இன்னொரு போன் அடித்தது. வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிடவே இல்லை.

அவர் விட்டுவிட்டு வந்தது ஒட்டன்சத்திரத்தில் நிறைமாதத்தை நெருங்கிய ஒரே மகளை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. நாள் இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, அதற்குள் வந்துவிடப் போகிறாய், போய்வா அம்மா என்று மகளே பிடிவாதமாக அனுப்பியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

தகயாமா என்பது மலைகளுக்கு நடுவே இருக்கிற பழைய ஊர். ரயிலில் இருந்து இறங்கும்போதே குளிர் முகத்தில் அடிக்கும். ஆற்றங்கரைச் சந்தையில் ஸ்வெட்டர் போட்ட பெண்கள் கேரட்டும் முள்ளங்கியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். பொன்னுத்தாயம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம கொடைக்கானல் கணக்காத்தான் கெடக்கு தாயி. கொரங்கு மட்டும் காணோம்" என்றார். எனக்கும் எப்போதும் அப்படித்தான் தோன்றும். வேறு எந்த ஊரிலும் நான் வழிகாட்டி, அங்கே மட்டும் பக்கத்துத் தெருக்காரி.

பழைய தெருவில் வீடுகள் எல்லாமே மரம். கருகிய பழுப்பு நிறம், மெல்லிய சட்டம் அடித்த முன்பக்கம், கைக்கு எட்டுகிற மாதிரித் தாழ்ந்த கூரை. ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி இடைவெளியே இல்லாமல் நிற்கும். தெருவின் இரண்டு ஓரத்திலும் வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் குனிந்து போக வேண்டிய வீடு என்று தோன்றும். உள்ளே காலை வைத்தால்தான் தெரியும். தலைக்கு மேலே உத்திரமும் தூணும் நெடுக்கும் குறுக்கும் பின்னிக்கொண்டு, கட்டம் கட்டமாக ஏறிக்கொண்டே போகும். உச்சியில் ஒரு சின்ன ஜன்னல். அதிலிருந்து வெளிச்சம் ஒவ்வொரு உத்திரமாக இறங்கித் தரைக்கு வரும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் மனப்பாடம் செய்த வசனமெல்லாம் நின்றுபோகும்.

அன்றும் அப்படி ஒரு பழைய வியாபாரி வீட்டுக்குள் எல்லோரும் அண்ணாந்து நின்றோம். ஆணி இல்லாமல் மரத்துக்குள் மரத்தைக் கொடுத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று நவோகோ சொன்னாள். எங்கள் ஜப்பானிய வழிகாட்டி அவள். அவள் இங்கிலீஷில் சொல்வாள், நான் தமிழில் சொல்வேன். குழுவில் ஒரு ஓய்வுபெற்ற ஓவர்சியர் இருந்தார். அதெப்படி, ஒரு ஆணியாவது இருக்கும் என்று செல்போன் விளக்கை அடித்து அரைமணி நேரம் தேடினார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுத்தாயம்மா மட்டும் கீழே பார்த்தார். கூடத்தின் நடுவில் தரையைச் சதுரமாக வெட்டி, சாம்பல் நிரப்பி, அதில் கரி கனன்றுகொண்டிருந்தது. மேலேயிருந்து தொங்கிய கொக்கியில் இரும்புக் கெண்டி. "இத்தன மரத்துக்கு நடுவுல நெருப்ப வச்சிட்டுத் தைரியமாத்தான் இருக்காங்க" என்றார். நான் சிரித்தேன். திரும்பி வரும் வழியில், நாங்கள் தங்கிய விடுதிக்கு நாலு வீடு தள்ளி, தெரு முக்கில் ஒரு குட்டி மரக் கோயில். கல் மேடை, வைக்கோல் கயிறு, பூட்டிய கதவு. இங்கேயும் முச்சந்திக்கு ஒரு பிள்ளையார் இருக்கிறாரே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இது அகிபா சாமி, இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு என்று நவோகோ சொன்னாள். என்ன சாமி, எதற்காக என்று அவள் மேலே சொன்னதை நான் தமிழில் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது.

ஜப்பானில் தலையை எண்ண மாட்டேன், செருப்பை எண்ணுவேன். விடுதி வாசலில் கழற்றி அடுக்குவார்கள் இல்லையா, அதைப் பார்த்தால் யார் உள்ளே, யார் வெளியே என்று தெரிந்துவிடும். மறுநாள் வெள்ளனே ஆறு மணிக்கு எண்ணினேன். இருபத்தொரு ஜோடி. நீலக் கேன்வாஸ் ஷூ இல்லை. அது பயணத்துக்காக மகள் வாங்கிக் கொடுத்தது, பொன்னுத்தாயம்மா காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டது.

வெளியே ஓடினேன். தெரு முக்கில் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட முதுகு தெரிந்தது. அந்தக் குட்டிக் கோயிலின் மரப்படியில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. பஞ்சாமிர்த டப்பாக்களுக்கு நடுவில் செருகிக் கொண்டுவந்த சூடம். லைட்டரை ராத்திரியெல்லாம் திறந்திருக்கிற ஒரு கடையில் வாங்கியிருக்கிறார். காற்றுக்கு இரண்டு கையாலும் அணைகட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். நான் கிட்டப் போவதற்குள் எதிர் வீட்டிலிருந்து எழுபது வயதுக்காரர் ஒருவர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். வாய்க்காலில் சிவப்பு வாளியை முக்கினார். ஒரே வீச்சு. தீ அணைந்தது. பொன்னுத்தாயம்மாவின் சேலை, ஷூ எல்லாம் நனைந்துபோனது.

எரிகிற சூடத்தை யாராவது தண்ணீர் ஊற்றி அணைப்பார்களா? அதுவும் வேண்டிக்கொண்டு நிற்கும்போது? அவர் அப்படியே ஈரத் தெருவில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. படியில் கரைந்து வழிந்த கறுப்பையே பார்த்தார். "அணைஞ்சு போச்சே தாயி. எம்மகள ஆப்பரேசனுக்குக் கொண்டு போயிருக்காங்க. இப்ப அணைஞ்சு போச்சே" என்றார். அவர் மகள் பிள்ளைத்தாய்ச்சி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அரைமணி நேரத்துக்கு முன்னால் மாப்பிள்ளை போன் செய்திருக்கிறார். நாளுக்கு முன்னாலேயே வலி வந்து, பிள்ளை குறுக்கே கிடந்து, ஒட்டன்சத்திரத்தில் முடியாதென்று திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோகிறார்கள். யாரையும் எழுப்பத் தோன்றாமல், தெரிந்த ஒரே காரியத்தைச் செய்ய எழுந்து வந்திருக்கிறார்.

சத்தம் கேட்டு நவோகோ வந்தாள். அந்த மனிதர், மொரிதா என்று பெயர், மூச்சு வாங்க அவளிடம் பேசினார். அவள் எனக்குச் சொன்னாள். இது தெருவை நெருப்பிலிருந்து காக்கிற சாமி. பக்கத்து வீட்டுக் கூரைக்கும் இதற்கும் ஒரு முழம் இல்லை. ஒன்று பிடித்தால் தெருவே போய்விடும். இந்த மாதம் கோயிலைப் பார்த்துக்கொள்கிற முறை அவருடையது. அந்தச் சாமியின் வாசலிலேயே நெருப்பு வைத்துவிட்டார்களே என்கிறார்.

கோபமாகச் சொல்லவில்லை. வாளியைப் பிடித்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பொன்னுத்தாயம்மா தரையிலிருந்து என்னை அண்ணாந்து பார்த்து, "என்ன சொல்றாரு?" என்று கேட்டார். நான் என்ன செய்வேன்? நெருப்பை அணைக்கிற சாமி வாசலில் நெருப்பு வைத்தீர்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அபிஷேகம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பழனிக் கூட்டத்தோடு பஸ்ஸில் போகும்போது காதில் விழுந்ததுதான். ஆனாலும் வாய் தானாகச் சொன்னது.

"இந்தச் சாமிக்கு நெருப்பு ஆகாதாம்மா, தண்ணிதானாம். நீங்க மனசார வேண்டிக்கிட்டு நிக்கிறதைப் பார்த்து அவரே அபிஷேகம் பண்ணிட்டாராம்."

மூடுபனியில் பாறை காட்டிய அதே வாய்தான். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், மொரிதாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். தூக்கிவிட்டேன்.

எட்டரைக்கு பஸ் கிளம்ப வேண்டும். டூர் மேனேஜர் குழுவை விட்டுப் பிரியக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் சட்டம். சந்தானம் சாருக்குப் போன் போட்டேன். அங்கே விடியவே இல்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்தார். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, எழுந்து நிற்கிறார் என்று புரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பொய் ஒன்றைத் தவிர. காதை அழுத்திக் கேட்க வேண்டிய குரலில், "பஸ்ஸ நவோகோவோட அனுப்பிருங்க. நீங்க அந்தம்மா பக்கத்துல உட்காருங்க. சேதி வர்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க" என்றார்.

விடுதிக் கூடத்தில் நானும் பொன்னுத்தாயம்மாவும் உட்கார்ந்திருந்தோம். அவர் காப்பிகூடத் தொடவில்லை. போனைப் புடவைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்திருந்தார். தலைக்கு மேலே நேற்றுப் பார்த்த மாதிரியே உத்திரங்கள். அழகாக இருந்தது என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அது கண்ணில் படவில்லை. இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவரை எப்படி ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்பதைத் தவிர எனக்கு ஒரு நினைப்பும் இல்லை.

ஒன்பது மணிக்கு மொரிதா வந்தார். நல்ல சட்டை மாற்றிக்கொண்டு, மனைவியோடு வாசலில் நின்றார். கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை. நீட்டிவிட்டு நெற்றி தரையில் படுகிற மாதிரிக் குனிந்தார். பொன்னுத்தாயம்மா ஈரக் காலைத் துடைத்து அதை மாட்டிக்கொண்டார். பிறகு அறைக்குப் போய் ஒரு பஞ்சாமிர்த டப்பாவைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் ஒரு கரண்டி வைத்தார். அந்த மனுஷர் அதை நக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். அவர் மனைவி இரண்டாவது தடவை கையை நீட்டினார். புருஷன் பெண்டாட்டி இருவரும் போகாமல் எங்களோடேயே உட்கார்ந்துகொண்டார்கள். எங்களில் இரண்டு பேருக்குத் தமிழ், இரண்டு பேருக்கு ஜப்பான் பாஷை. 

பத்தே காலுக்குப் போன் அடித்தது. பொன்னுத்தாயம்மா எடுத்தார், கேட்டார், என்னிடம் நீட்டினார். பொம்பளைப் பிள்ளை, தாயும் பிள்ளையும் நல்லபடி என்று மாப்பிள்ளை அழுதுகொண்டே சொன்னார். நானும் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? மொரிதாவிடம் கையால் தொட்டில் ஆட்டிக் காட்டினேன். அவர் எழுந்து நின்று மறுபடி குனிந்தார்.

அதற்குப் பிறகுதான் சங்கடம். பொன்னுத்தாயம்மா வெரசாகச் சேலையை மாற்றிக்கொண்டு சாமிக்கு நன்றி சொல்லக் கிளம்பிவிட்டார். எப்படி? அபிஷேகம்தான். வாளியைக் கேட்டு ஜாடை காட்ட, மொரிதா தயங்கித் தயங்கிக் கொடுத்தார். அந்தம்மா வாய்க்காலில் மொண்டு, மரத்தில் படாமல் கல் மேடையில் மெதுவாக ஊற்றினார். மூன்று வாளி. மொரிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் நெருப்பால் நேர்ந்த பாவத்தைக் கழுவுகிறார் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். அவரும் ஒரு வாளி மொண்டு பக்கத்தில் ஊற்றினார். இருவரும் சேர்ந்து கும்பிட்டார்கள். அவர் எதைச் செய்கிறார் என்று இவருக்குத் தெரியாது, இவர் எதைச் செய்கிறார் என்று அவருக்குத் தெரியாது. நடுவில் ஒரு கிறிஸ்தவப் பெண் பொய்யும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன்.

அறிக்கையின் முதல் வரியாக, மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை என்று எழுதினேன். சந்தானம் சார் படித்துவிட்டு, தாளில் பதினோராவது வரியைச் சேர்க்கச் சொன்னார்.  பொய் சொன்னதை எந்த வரியிலும் நான் எழுதவில்லை. அடுத்த வருஷம் இன்னொரு குழுவோடு போனபோது மொரிதா என்னை அடையாளம் கண்டுகொண்டு தொட்டில் ஆட்டிக் காட்டினார். மரப்படியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பு அப்படியே இருந்தது. தேய்த்தால் போயிருக்கும். ஏனோ அவர் தேய்க்கவில்லை.

சந்தானம் சார் இப்போது இல்லை. நான் வேலையிலிருந்து நின்ற பிறகு ஒரு கல்யாணத்துக்காகப் பழனிக்கு இறங்கினேன். கடைக்குப் போனேன். பொன்னுத்தாயம்மா இன்னும் பழம் உரித்துக்கொண்டுதான் இருந்தார். பேத்தி இரண்டாம் வகுப்பாம். கையில் பழத்தோடேயே கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். சாமி அலமாரிக்குக் கீழே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி. சந்தனம், குங்குமம் வைத்து, தண்ணீர் நிரப்பி. தினமும் விளக்கேற்றும் முன்னால் தண்ணீர் மாற்றுவாராம்.

 வாயில் வந்த ஒரு பொய் இத்தனை வருஷம் குங்குமம் வாங்கிக்கொண்டு நிற்கிறது. இனியும் சொல்லாமல் போனால் தூக்கம் வராது என்று சொல்லிவிட்டேன். "அம்மா, அன்னைக்கு அபிஷேகம்னு சொன்னது பொய்ம்மா. அவர் நெருப்புக்குப் பயந்து அணைச்சாரு. நானாத்தான் அப்படிச் சொன்னேன்."

உரித்துக்கொண்டிருந்த பழத்தை அவர் கீழே வைக்கவில்லை. "தெரியும் தாயி" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. பொறந்ததுலருந்து அபிஷேகம் பாக்குறேன், அபிஷேகம் பண்றவரு கை அப்பிடி நடுங்காது. ஒன் மூஞ்சியும் நல்லாவா இருந்துச்சு? ஆனா அன்னைக்குப் பிடிக்க வேற ஒண்ணும் இல்ல. நீ நீட்டுன, பிடிச்சுக்கிட்டேன்."

பிறகு எதற்கு இந்த வாளி என்று கேட்டேன்.

"அதப் பிடிச்சுத்தான எம்மக பொழச்சா. பொய்யின்னு தெரியும், ஆனா எடுக்கத் தைரியம் வரல. நீ வேணா எடு, பாப்போம்."

வாளியைப் பார்த்தேன். தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. குழாயடிக்குப் போய் ஒரு சொம்பு பிடித்து வந்து ஊற்றினேன்.

"தளும்ப ஊத்து தாயி" என்றார். "இந்த வீடு பூரா கான்கிரீட்டுதான், இருந்தாலும் ஊத்து."